வெளிச்சம் போடாத மாதா

1

தெசலோனிக்கியில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். கதவு திறப்பதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டி ரொட்டிக்கடை வரை நீண்டுவிடும். எனக்கு முன்னால் அல்பேனியாக்காரர்கள், பின்னால் ஜார்ஜியாப் பெண்கள், நடுவில் குன்னூர்க்காரி நான். எங்களுக்குப் பொதுமொழி கிரேக்கம்தான். அதை ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்பிக்கொண்டு, குளிருக்குக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்போம்.

ஒவ்வொரு வருடமும் இந்த வரிசையில் நின்றுதான் இன்னொரு வருடம் இந்த நாட்டில் இருக்கும் உரிமையை வாங்குகிறேன். இந்த முறை சன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் தாள்களைப் புரட்டிக்கொண்டே, "தொழில்?" என்றார். அவசரத்தில் ஓவியர் என்பதற்குப் பதிலாகச் சுவருக்கு வெள்ளையடிப்பவர் என்கிற வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் சமையலறைக்கு எவ்வளவு கேட்பாய்?"

வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். மாணவர் அனுமதியை இதற்கு மேல் சும்மா நீட்டிக்க முடியாது. ஆய்வு முடியப்போகிறது என்று பல்கலைக்கழகம் உறுதி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆய்வு முடியத்தான் போகிறது. எழுத்து வேலை எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு முகத்துக்கு வெளிச்சம் போடுவதுதான் பாக்கி. அந்த முகம் இங்கே இல்லை. குன்னூருக்குக் கீழே, பூட்டிக் கிடக்கும் ஒரு எஸ்டேட்டின் சின்னக் கோயிலில், மாதாவின் கழுத்துக்கு மேலே இருக்கிறது.

2

நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று ஊரில் அப்பாவிடம் கேட்காதவர்கள் இல்லை. "பழைய சர்ச்சுப் படங்களைப் பத்திப் படிக்குதுங்க. கூடவே நமக்குப் புரியாத படமும் போடுதுங்க" என்பாராம். என் ஆய்வேட்டின் முன்னுரையில்கூட இவ்வளவு சரியாக என்னால் எழுத முடியவில்லை.

பழைய சர்ச்சுப் படங்கள் என்றால் பைசாந்தியத் திருவுருவங்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதில் எல்லாமே தப்பாகத் தெரியும். நாற்காலி பின்னால் போகப்போக அகலமாகும். வீடு சாயும். நிழலே விழாது. ஆனால் கொஞ்ச நேரம் முன்னால் நின்று பாருங்கள், ஒன்று புரியும். நாம் படத்துக்குள் பார்ப்பதாக அது எழுதப்படவில்லை. படத்தில் இருப்பவர் வெளியே நம்மைப் பார்க்கிறார். கோடுகள் எல்லாம் வந்து கூடும் புள்ளி நாம் நிற்கிற இடம்! நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் புதிய ஓவியர்கள் சிலர் இந்தப் படங்களின் முன் நின்று, தட்டையான நிறத்தையும் ஆழமே இல்லாத பொன்வெளியையும் பார்த்துவிட்டுப் போய்த்தான் தங்கள் படங்களை மாற்றினார்கள் என்பது என் வாதம். இதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிறுத்தத்தில்கூட ஓரமாக நகர்ந்துவிடுவார்கள்.

என் சொந்தப் படங்கள் வேறு ஜாதி. தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையில், பெட்டிக்குள் ஒட்டும் அலுமினியத் தாளைப் பொன்தகட்டின் இடத்தில் வைத்து, உருவமே இல்லாமல் நிறங்களை அடுக்குவேன். திருவுருவப் பட்டறையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். காட்சிக்கூடத்துக்காரர்களோ, "பக்தி வாடை அடிக்கிறது" என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் போய் இரண்டு வீட்டிலும் சாப்பிடாமல் வருகிற விருந்தாளி நான்.

இந்தப் பைத்தியம் பிடித்தது லயத்தில். எஸ்டேட் ஃபேக்டரியில் அப்பா டீ மேக்கர். இலை வாடுவதிலிருந்து தூள் சலிப்பது வரை அவர் மூக்கைக் கேட்காமல் எதுவும் நடக்காது. எங்களுக்கு ஸ்டாஃப் குவாட்டர்ஸ். அதற்குக் கீழே வரிசை வீடுகள். நாங்கள் லைன் என்போம். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் லயம் என்பார்கள். அங்கே என் தோழி ஸ்டெல்லாவின் வீட்டுச் சுவரில் சதா சகாய மாதா காலண்டர் தொங்கியது. மாதாவின் கையில் இருக்கும் குழந்தைக்கு ஒரு செருப்பு கழன்று தொங்கும். அதைப் பற்றி எனக்கும் அவளுக்கும் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் தர்க்கம்.

"வாரு பிஞ்சு போச்சு," என்பேன் நான்.

"இல்லடி. என்னமோ கண்டு பயந்து அம்மாகிட்ட ஓடி வந்துருச்சு. ஓடி வந்ததுல கழண்டுருச்சு."

அந்தக் காலண்டரின் மூலப்படம் கிரீட் தீவுக்காரர் ஒருவர் எழுதியது என்பார்கள். இதை இங்கே நூலகத்தில் படித்த அன்று, மேசையைத் தட்டிச் சத்தம் போட்டு வெளியே அனுப்பப்பட்டேன். எங்கள் லயத்துச் சுவரில் பைசாந்தியம் இருந்திருக்கிறது, நாங்கள் அதன் கீழே உட்கார்ந்து கிழங்கு தின்றிருக்கிறோம்!

3

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டையை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக் கூண்டுக்குப் போவேன். அந்த நேரத்தில் அப்பா பஜாரில் எஸ்டிடி பூத்தில் வந்து காத்திருப்பார். முதல் சில வருடங்கள் பேச்சு, சாப்பாட்டிலும் சளியிலும் முடிந்துவிடும். பிறகு இலை விலை விழ ஆரம்பித்தது. வாரா வாரம் அப்பாவின் குரல் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஏலத்தில் தூள் கேட்பாரில்லை என்றார். படுகர்களின் சிறு தோட்டங்களில் பறித்த இலையை ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்றார். ஒரு ஞாயிறு, "முதலாளி ஆளுங்க எல்லாம் கோயமுத்தூருக்குப் போயிட்டாங்க அம்மிணி. ஃபேக்டரியப் பூட்டியாச்சு" என்றார்.

"சாவி?"

"அது எங்கிட்டத்தான் இருக்குது. அத வெச்சு என்ன பண்றது? காத்தால எந்திரிச்சா மூக்குக்கு வேலையில்லீங்கற மாதிரி இருக்குது."

ஏதேதோ ஆறுதல் சொன்னேன். கடைசியில் அவரே, "நீ பேசறதே இப்ப வேற மாதிரி இருக்குது. ஒவ்வொரு வார்த்தையும் தேடித் தேடிப் பேசற" என்றார். அட்டையில் பேச்சு தீர்ந்து இணைப்பு அறுந்தது. அவர் சொன்னதற்கு மறுப்புச் சொல்லாமல் தப்பித்தேன் என்று நிம்மதியாக இருந்தது.

அந்த வருடம்தான் ஆய்வின் செய்முறைப் பகுதிக்கு நேரம் வந்தது. பழைய முறைப்படி ஒரு படத்தை அடியிலிருந்து முடி வரை ஆய்வாளர் தன் கையால் எழுத வேண்டும். ஒரு கோடுகூட வேறு கையால் விழக்கூடாது. ஒவ்வொரு அடுக்கையும் புகைப்படம் எடுத்துக் குழுவுக்குக் காட்ட வேண்டும். என் வழிகாட்டி கத்தெரினா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். என்னைவிட வேகமாகச் சிகரெட் பிடிப்பாள், என்னைவிட வேகமாக அணைப்பாள். "எந்தக் கோயிலுக்கு எழுதப்போகிறாய்?" என்று கேட்டாள். காட்சிக்கு வைப்பதற்கென்று எழுதினால் அது திருவுருவம் ஆகாது. அதன் முன்னால் யாராவது நிற்க வேண்டும்.

எஸ்டேட் கோயிலில் இருந்த மாதா படம் பனியில் பூஞ்சை பூத்துப் போய்விட்டது என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். என் வாயிலிருந்து பதில் உடனே வந்துவிட்டது. யோசித்துச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

4

நான் போய்ச் சேர்ந்தபோது தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தன. கவாத்து வெட்ட ஆளில்லை. லயத்தில் பாதி வீடுகளில் பூட்டு. அந்தக் குடும்பங்கள் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டன. ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் போகவில்லை. "போயிட்டா வீட்ட எடுத்துக்குவாங்க. இங்கன இரிக்கிறதே ஒரு வேலதான்" என்றாள்.

கிடங்கில் கிடந்த நல்ல பலகையை அப்பா இழைத்துக் கொடுத்தார். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து வச்சிரப் பசையில் தோய்த்துப் பலகையில் ஒட்டி, அதன் மேல் சுண்ணப்பூச்சைப் பல தடவை பூசினேன். மூடுபனி விடவில்லை. ஒவ்வொரு பூச்சும் காயக் கண்விழித்தேன். முட்டையின் மஞ்சள்கருவில் வினிகரும் நிறப்பொடியும் குழைத்து எழுத வேண்டும். ஸ்டெல்லா வீட்டுக் கோழிதான் முட்டை தந்தது. வெள்ளைக்கருவை அவள் அம்மா ஆம்லெட் போட்டுவிடுவார்.

இந்த முறையில் முகத்தை எழுதும் விதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். மற்ற ஓவியங்களில் வெளிச்சமான முகத்தில் நிழலைப் போடுவார்கள். இதில் தலைகீழ். முதலில் முகம் முழுவதையும் பச்சை மண்ணும் காவியும் கருப்பும் கலந்த இருட்டு நிறத்தில் நிரப்ப வேண்டும். கண், மூக்கு, வாய் எல்லாம் அந்த இருட்டின் மேல் வெறும் கோடுதான். பிறகு காவி கலந்த வெளிச்சத்தை அடுக்கடுக்காக, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக, நெற்றியிலும் கன்னமேட்டிலும் ஏற்றிக்கொண்டே வந்து, கடைசியில் மயிரிழை வெள்ளைக் கோடுகளில் முடிப்பார்கள். வெளிச்சம் எங்கிருந்தோ வந்து விழுவதில்லை, இருட்டுக்குள்ளிருந்து வருகிறது.

உடை, பொன், தேவதூதர்கள், குழந்தை எல்லாம் முடிந்தன. மாதாவின் முகத்துக்கு இருட்டு அடுக்கைப் போட்டு, வீட்டில் இடமில்லாததால் பலகையைக் கோயிலிலேயே பீடத்தின் மேல் சாய்த்து வைத்து, நன்றாக இறுகட்டும் என்று விட்டுவிட்டு ஊட்டிக்கு ஒரு வேலையாகப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வரச் சில நாட்களாகிவிட்டது.

வந்து பார்த்தால் பீடத்தின் முன்னால் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சாமந்தி மாலை. மாலைக்கு நடுவில் ஒரு கைப்பிடி தேயிலைக் கொழுந்து, ஈரம் காயாமல். லயத்து ராக்கம்மா அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இவர் மாதா கோயிலுக்கே வராதவர். மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால் நிற்கிறவர்.

"என்னக்கா இது?"

"பச்சையம்மா வந்திருக்காடி," என்றார். "பாரு, நம்ம கொழுந்து நெறம். காட்டுல நின்னு நின்னு மொகம் இருண்டுபோன மாதிரி இல்ல? இத்தன வருசம் வெள்ளக்கார மாதா இருந்தா, ஃபேக்டரிய மூடிப்புட்டாங்க. இப்பத்தான் நம்மள்ல ஒருத்தி வந்திருக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, படம் இன்னும் முடியலக்கா. இனிமேத்தான் முகமே."

அவர் சிரிக்கவில்லை.

5

மறுநாள் கிண்ணத்தில் முதல் வெளிச்ச நிறத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஸ்டெல்லாவும் ஏழெட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கு முன்னால் படம் முடிய வேண்டும் என்கிற கவலையில் ஃபாதரும் குடையோடு வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அப்பா.

"வெள்ளையடிக்கப் போறியா?" என்றாள் ஸ்டெல்லா.

"வெள்ளை இல்லடி. அது தோல் நிறமே இல்ல. வெளிச்சம். உள்ளேயிருந்து வர்ற வெளிச்சம். ஆயிரம் வருசமா இப்படித்தான்..." நான் பேருந்து நிறுத்தத்துப் பேச்சை ஆரம்பித்துவிட்டேன். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போவதுதான் இந்த முறையின் அர்த்தமே என்றேன். கண்கள் எரியப் பேசினேன். அவர்கள் நன்றாகவே கேட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

"உள்ளயிருந்து வருமா?" என்றார் ராக்கம்மா அக்கா.

"ஆமாக்கா."

"இப்ப எங்க உள்ளுக்குள்ள என்னடி வெளிச்சம் இரிக்கி?" என்றாள் ஸ்டெல்லா. "லயத்துல கரண்டே இல்ல. மாதா மட்டும் பளபளன்னு நின்னா எப்பிடி? எங்க கூட இருட்டுல இரிக்கட்டும். ஃபேக்டரிச் சங்கு ஊதட்டும், கதவு தொறக்கட்டும். அன்னைக்கு வந்து போடு ஒன் வெளிச்சத்த. நேர்த்திக்கடன்னு வச்சிக்க."

"அம்மா, அதுக்குத் திருவிழா காத்திருக்குமா?" என்றார் ஃபாதர். "பாதியில நிக்கிற படத்தை எப்படி மந்திரிச்சு ஆசீர்வதிக்கிறது?"

"நாங்களும் பாதியிலதான் நிக்கிறோம் ஃபாதர். எங்கள மந்திரிக்கிறீங்கல்ல?"

ஃபாதர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏனுங்க ஃபாதர், இலை வாடாம உருட்டக் கூடாதுங்க. உருட்டுனா தூள் நிக்காதுங்க. இவங்க சொல்றதும் அப்படித்தானுங்க" என்றார். என் பக்கம் பேசுவார் என்று நினைத்திருந்தேன்.

"ஸ்டெல்லா, இது முடியலன்னா எனக்குப் பட்டம் கிடையாது. அங்க இருக்கவும் முடியாது," என்றேன் மெதுவாக.

அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். பிடுங்கவில்லை. "நீதான் எழுதுன, நீயே போடு. ஒன்னய யாரும் புடிக்க மாட்டோம். ஆனா போட்டேன்னா அது ஒன் படம். போடலன்னா எங்க மாதா. நீயே சொல்லு" என்று வழியை விட்டு நகர்ந்துகொண்டாள். எல்லாப் பெண்களும் நகர்ந்தார்கள். கதவு திறந்தே இருந்தது.

நிறத்தைக் கோயில் பின்னால் இருந்த செடிக்கடியில் கொட்டிவிட்டு, பெட்டியையும் தூரிகைகளையும் ஃபாதர் அறையில் வைத்துவிட்டு விமானம் ஏறினேன். சங்கு ஊதினால் சொல்லுங்கள், ஓடி வருகிறேன் என்றேன். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதற்கு வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

6

கத்தெரினாவுக்குக் கடைசிப் புகைப்படத்தைக் காட்டினேன். சிகரெட்டை அணைக்க மறந்து வெகுநேரம் பார்த்தாள். "மிக நல்ல இருட்டு" என்றாள். பிறகு வழிகாட்டியாகப் பேசினாள். குழு இதை ஏற்காது. புதிதாக ஒரு பலகைக்கு அனுமதி கேட்டு ஆரம்பித்தால் இன்னொரு வருடம் போகும். அதுவரை வெளிநாட்டவர் அலுவலகம் பொறுக்குமா என்பது யாருக்கும் தெரியாது. "ஈஸ்டர் விடுமுறைக்குப் போ. ஒரே வாரத்தில் முடித்துவிடு. உன் கை மட்டும் போதும். வேறு யார் கையும் அதில் படாமல் பார்த்துக்கொள்." சன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாளிடம் தருவதற்கு, ஆய்வு முடியும் தறுவாயில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தாள்.

அதை எடுத்துக்கொண்டு வந்த வாரம்தான், ஞாயிற்றுக்கிழமை, பூத்தில் அப்பாவோடு ஸ்டெல்லாவும் நின்றிருந்தாள். ரிசீவரை அவள் பிடுங்கிக்கொள்வது கேட்டது.

"ஊதிருச்சுடி!"

தொழிற்சங்கமும் ஃபாதரும் கலெக்டர் ஆபீசுக்கு நடையாக நடந்து, தொழிலாளர்களே இலை பறித்து அரைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறார்கள். வளர்ந்து கிடந்த செடிகளில் கிடைத்த கொழுந்தைப் பறித்து, டீசல் ஜெனரேட்டரை ஓட்டி, அப்பா சாவியைப் போட்டுத் திறந்து, ஒரு நாள் ஃபேக்டரி ஓடியிருக்கிறது. ஒரே ஒரு நாள். அடுத்து எப்போது ஓடும் என்று தெரியாது.

நான் கூண்டுக்குள்ளேயே குதித்தேன். "அப்ப நான் ஈஸ்டருக்கு வந்து முடிச்சுடறேன்!"

"முடிக்கிறதா? ஒரு நாளைக்கு முழு வெளிச்சமாடி? நல்லாரிக்கே!" என்றாள். "நேத்து லயத்துல எல்லாரும் ஒக்காந்து பேசினோம். ஒரு சங்குக்கு ஒரு கோடு. அதுக்கு மேல போடக்கூடாது. ராக்கம்மாக்காகூட சரின்னுட்டா."

"ஒரு கோட்டுக்கா நான் அங்கேயிருந்து வரணும்?"

"நீ எதுக்கு வரணும்? பெட்டி ஃபாதர் ரூம்புலதான இரிக்கி. எப்பிடின்னு சொல்லு, நான் போடுறேன். இன்னைக்கே போடணும். நேர்த்தியத் தள்ளிப்போடக் கூடாது."

அவளுக்குக் குழுவின் விதி தெரியாது. எனக்குத் தெரியும். தெரியாதது போல அட்டை தீரும் வரை வேறு ஏதாவது பேசியிருக்கலாம். அது எனக்கு நன்றாகப் பழகிய வழி. அவள் பின்னால், ஜெனரேட்டர் புகையில் நாளெல்லாம் நின்ற அப்பா இருமுவது கேட்டது. அந்த இருமலில் என்ன ஒரு திமிர்!

"கோழி முட்டை போட்டுருக்கா?" என்றேன்.

மஞ்சள்கருவைத் தாளில் உருட்டி, தோலைக் கிள்ளி, சாற்றை மட்டும் எடுக்கச் சொன்னேன். மூன்றாவது டப்பாவில் காவி. வெள்ளையைத் தொடக்கூடாது. சின்னத் தூரிகை. நெற்றியில் வேண்டாம், இடது கன்னமேட்டில், கண்ணுக்குக் கீழே, பிறைமாதிரி ஒரு கோடு. மூச்சை அடக்கிக்கொண்டு போடு. ஒரு தடவைதான், மேலே மேலே தேய்க்காதே. அவள் எல்லாவற்றையும் பூத்துக்காரருக்கும் கேட்கும்படித் திருப்பிச் சொன்னாள்.

மறுநாள் கத்தெரினாவிடம் போய் நடந்ததைச் சொல்லி, அவள் எழுதித் தந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். திட்டினாள். புதிய பலகைக்கு விண்ணப்பம் போடச் சொன்னாள். போட்டிருக்கிறேன். அலுவலகம் பொறுத்தால் இங்கே ஆரம்பிப்பேன். பொறுக்காவிட்டால் ஊரில்.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா பேசினாள். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

"கோணிப்போச்சுடி. கை ஒதறிருச்சு. கோடு கீழ எறங்கி ஒதட்டுப் பக்கம் வந்துருச்சு. மாதா லேசா சிரிக்கிற மாதிரி இரிக்கி. இந்த மாதா சிரிக்கக் கூடாதுல்ல?"

கூடாது. ஆயிரம் வருடமாக இந்த மாதா சிரித்ததில்லை.

"ராக்கம்மாக்கா என்ன சொன்னாங்க?"

"மூக்கச் சிந்திக்கிட்டே நிக்கிது. போகவே மாட்டேங்குது. அழிச்சிரட்டுமா?"

"அழிக்காதே," என்றேன். "அப்படியே காயட்டும்."

"அப்ப அடுத்த சங்குக்கு?"

"வலது கன்னம். அதையும் நீயே போடு."

"நீ வரவே மாட்டியா?"

"வருவேன்டி. நெத்திய மட்டும் எனக்கு மிச்சம் வையி."